இரண்டாவது காம்பரா

"ஃபோர்மட் பண்ணவான்னு கேக்குது ஸக்கரியா!"

"கை வச்சிராதீங்கண்ணே! அத்தனையும் அழிஞ்சி போயிரும்!"

மாணிக்கவாசகம் மவுஸை விட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மாத்தளையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை அவனுடையது. ஸக்கரியா கூட வேலை செய்பவன். மூன்று வருடம் முன்பு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்படுமுன், மாணிக்கவாசகத்தின் மனைவி சந்திரகாந்தா கொம்பியூட்டர் மைக்கில் இரண்டு நிமிடம் பேசி வைத்திருந்தாள். அந்தக் குரல் இருந்த ஹார்ட் டிஸ்க் போன மாதம் செத்தது. அது சாகுமுன் முழு டிஸ்க்கையும் அச்சு அசலாக ஒரே ஃபைலில் இமேஜாக நகல் எடுத்துவிட்டான். திறக்கத்தான் தெரியவில்லை.

குவைத்தில் எஜமானி போனைப் பூட்டி வைப்பவள். ஒப்பந்தம் முடிந்தும் விடவில்லை. நாலு மாதமாக ஒரு கோல் இல்லை.

"தோட்டத்து லயத்து வீடு மாதிரி நெனச்சிக்க. ஒரே கூரை, உள்ள ரெண்டு அறை, ரெண்டு காம்பரா. முன்னுக்கு இருக்கிற பார்ட்டிஷன்ல விண்டோஸ். அவ ரெண்டாவதுல இருக்கா."

"அப்ப அந்தக் கதவத் தட்டுங்களேன்."

"கதவு எங்கன்னு தெரியணுமேடா!"

இரண்டாவது பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறதென்று கணக்குப் போட்டான். கணக்குத் தப்பிச் சுவரில் முட்டினான். கடை டெலிபோனின் வயரைக் கழற்றிக் கொம்பியூட்டரில் சொருகி, இன்டர்நெட்டில் வழி தேடினான். அது சொன்னபடி செய்ததில் முன் காம்பராவும் பூட்டிக்கொண்டது. கடைசியில், பார்ட்டிஷனைத் தானே கண்டுபிடித்து மவுண்ட் பண்ணுமாம் என்று ஒரு புரோகிராமை இறக்கத் தொடங்கினான். மெதுவில் ஆமை தோற்றது. தொண்ணூறு சதவீதத்தில் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து.

"அண்ணே, வீட்டுக்கு ஒரே ஒரு கோல்..."

"லைன்ல கை வச்ச, கைய முறிச்சிருவேன்!"

திருத்த வந்த பெட்டிகள் வாசல்வரை அடுக்கி நின்றன. யட்டவத்தயிலிருந்து வந்த வாடிக்கையாளர் சிங்களத்தில் ஏசிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மத்தியானம் புரோகிராம் இறங்கி முடிந்தது. திரையில் புதிதாக ஒரு டிரைவ் முளைத்தது. அதைத் திறந்து அவள் பேசிய ஃபைலை அழுத்தினான்.

கரகரவென்றது. பிறகு, அவள்.

"என்னங்க, கேக்குதா? இதுல பேசுனா நெசமாவே கேக்குமா? ஒழுங்கா சாப்பிடுங்க, என்ன..."

"கேக்குதும்மா" என்றான் திரையைப் பார்த்து.

ஸக்கரியா முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இன்னொருக்கா போடுங்கண்ணே."

ஐந்தாவது தடவை ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பழக்கடை அழகம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"தம்பி, மூணு நாளா ஒங்க லைன் எங்கேஜாம்! இப்ப எங்க கடைக்கு கோல் எடுத்துச்சி, சந்திரகாந்தா காலையிலேருந்து கட்டுநாயக்க ஏர்போர்ட்டுல வந்து எறங்கி நிக்குதாம்!"