ஒற்றைக்கண் தளபதியின் வக்கீல்

ஒற்றைக்கண் தளபதி நல்லவனா கெட்டவனா என்று மகள் கேட்டபோது, லிஃப்ட் மெக்கானிக்கின் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. விழுங்குவதற்குள் ஏதாவது தோன்றும் என்று மெதுவாக மென்றார். அந்தத் தளபதி யாரென்றே அவருக்குத் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு. அவள் படிக்கும் டிராகன் கதைத் தொடரில் ஒரு பாத்திரம் எப்படி மாறிக்கொண்டே வருகிறது என்று வகுப்பு டீச்சர் கட்டுரை கேட்டிருக்கிறாராம். தொடர் நான்கு பாகம். ஒவ்வொன்றும் செங்கல் கனம்.

"நீங்கதான் உதவி பண்ணணும்ப்பா. அம்மாவுக்கு இதெல்லாம் வராது."

அம்மா தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச காலமாக மகள் அவரிடம் "சரிப்பா", "வேண்டாம்ப்பா" தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அவளே வலிய வந்து கேட்கும்போது தெரியாது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. முதல் பாகத்தின் பின்னட்டையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நல்லவன்தான் என்று அடித்துச் சொன்னார்.

"அப்புறம் ஏன் கோட்டைக்குத் தீ வெச்சான்?"

"அது... குளிரா இருந்திருக்கும்."

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மெக்கானிக் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கூட வேலை பார்ப்பவரிடம் விசாரித்தார். எல்லாக் கதையும் தெரிந்தவர் அவர், அப்படித்தான் சொல்லிக்கொள்வார். தளபதி உண்மையில் ராணியின் தம்பி, சின்ன வயதில் ஆற்றோடு போனவன் என்றார். மெக்கானிக் அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தார். ராணிக்குத் தம்பியே கிடையாது என்றும், இந்தக் கதையில் ஆறே வரவில்லை என்றும் மகள் பொறுமையாக விளக்கினாள்.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று முதல் பாகத்தை ஸ்பானர் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு அலுவலகக் கட்டடம். மொட்டைமாடி மோட்டார் அறையில், எண்ணெய் போடுவதற்காக லிஃப்டை நிறுத்தியவர், கை துடைக்கும் நேரத்தில் ஒரு பக்கம் படிக்கலாமே என்று உட்கார்ந்தார். அங்கே தளபதி அநாதையாகக் கிடந்த டிராகன் முட்டையை மார்போடு அணைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தான். லிஃப்ட் நின்றபடியே நின்றது. கட்டடமே படியேறியது. மேனேஜர் மூச்சிரைக்க மாடி வரை ஏறிவந்து, என்ன உடைந்துவிட்டது என்று கேட்டார்.

"முட்டை சார்," என்றார் மெக்கானிக், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

புகார் கம்பெனிக்குப் போனது. தண்டனையாக, விடுமுறை நாளன்று அந்தக் கட்டடத்தின் லிஃப்டுகளை எல்லாம் துடைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. போனால் போகிறது, தளபதி தங்கமான மனுஷன் என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டதே என்று மகளின் கட்டுரைக்கு ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தார்.

"அந்தக் குஞ்சை மூணாவது பாகத்துல எதிரிக்கு வித்துடுவான்ப்பா."

மெக்கானிக் எழுதிய தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "அவனா? அந்தக் குஞ்சையா?"

அதற்குப் பிறகு யாரும் அவரைப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகளும் தளபதியை நடுவில் நிறுத்தி வழக்காடினார்கள். அவள் குற்றம் சாட்டினாள். இவர் ஜாமீன் கேட்டார். சாப்பாடு ஆறிப்போனது. ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் கத்த, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, குடும்பத்தில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான்கு பாகமும் முடித்துக் கட்டுரையைப் புதிதாக எழுதினார். 'லிஃப்ட் கூண்டு மேலே ஏற ஏற கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை கீழே இறங்குவதுபோல, தளபதியின் பதவி உயர உயர அவன் மனசு கீழே போயிற்று' என்று முடித்திருந்தார். மகள் இரண்டு தடவை படித்தாள். அவர் தோளில் தலையை முட்டிவிட்டுத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலையில்தான் அவருக்குத் திக்கென்றது. எந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எதிர் எடையைப் பற்றி எழுதும்? டீச்சர் ஒரே வரியில் கண்டுபிடித்துவிடுவார். வகுப்புக்கு முன்னால் பிள்ளையை நிற்க வைத்துவிட்டால்? மனைவிக்குப் போன் போட்டார். நேரில் போய் ஒப்புக்கொள்வதுதான் மரியாதை என்றாள் அவள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. சளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கிரீஸ் படிந்த சட்டையோடு ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றார். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மெக்கானிக் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார். எழுதியது தான்தான், பிள்ளை மேல் தப்பில்லை, தண்டனை எதுவானாலும் தனக்கே கொடுத்துவிட வேண்டும். வந்தது வந்தோம் என்று, தளபதியை அவ்வளவு சுலபமாகக் கெட்டவன் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தார்.

டீச்சர் பேனாவை மூடிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல உட்காருங்க சார். நான் அப்படி ஒரு கட்டுரையே கொடுக்கலை. போன டெர்ம்ல உங்க வீட்டம்மாவும் இதே மாதிரிதான், நான் கொடுக்காத ஒரு கட்டுரைக்காக வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாங்க."