பஞ்சுச் செருப்பு

"மாமா, இது செருப்பா, செங்கல்லா?"

மைத்துனன் இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரியோடு சோபாவில் கிடந்தான். ஓவிய வாத்தியாருக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் பேச்சைக் கேட்டுத்தான் அவன் அதை வாங்கினான். அவருடையதும் அதே கடை, அதே ரகம். வாங்கிய நாளிலிருந்து வாத்தியார் நடக்கவில்லை, மிதந்துகொண்டிருந்தார்.

"பஞ்சுடா அது! மேகத்துல நடக்கிற மாதிரி இருக்கு."

"உங்க மேகம் என் காலைக் கடிச்சு வெச்சிருக்கு."

"எண்ணெய் தடவினா சரியாப் போயிடும்."

அவரே அள்ளித் தடவினார். மைத்துனன் மாட்டிக்கொண்டு நாலடி வைத்தான். வழுக்கி விழுந்ததில் இடுப்பும் பிடித்துக்கொண்டது.

"அவனை விடுங்க. உங்க காலை டாக்டர்கிட்ட எப்பக் காட்டப் போறீங்க?" என்றாள் மனைவி. "எத்தனை வருஷத்துச் சர்க்கரை!"

"அது எப்பவோ போயிடுச்சு. மாத்திரையை விட்டதும் உடம்பு எவ்வளவு லேசாயிடுச்சு, பாரு!"

லேசாகத்தான் இருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. சாயங்காலம் தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் அவர் கண்ணுக்கு வண்ண வளையத்தோடு பூத்தன. கடவுள் ஒருவழியாக நீர்வண்ணம் பழகிவிட்டார் என்று அவருக்குச் சந்தோஷம். போன வாரம் கதவிடுக்கில் சுண்டுவிரல் நசுங்கியபோதுகூட வலிக்கவில்லை. மனைவிதான் பயந்துபோனாள். இப்படித்தான் வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று சொல்லியே அவளுடைய அப்பா ஒரு காலை இழந்தார்.

"செருப்பு மெத்துன்னு இல்ல. உங்க கால்தான் மரத்துப்போச்சு," என்றாள்.

வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கடைக்காரரே சொல்லட்டும்! மெத்துன்னு இல்லன்னு அவர் சொன்னா, இன்னிக்கே டாக்டர்கிட்ட வர்றேன்."

மைத்துனனின் செருப்பைச் சாட்சிக்குப் பையில் போட்டுக்கொண்டு விருட்டென்று கிளம்பினார். "என்னங்க, கொஞ்சம் நில்லுங்க!" என்று மனைவி வாசல்வரை ஓடி வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

குழாய் பதிக்கத் தோண்டிய தெருவில் ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஓரமாக ஒதுங்கிப் போக, வாத்தியார் நடுவிலேயே போனார். கூர்ஜல்லி தலையணையாக அமுங்கிக் கொடுத்தது. வானம் ரோஜா நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. கோபம்கூட எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. இப்படி ஒரு நடை வாய்த்தவனுக்கு டாக்டர் எதற்கு என்று நினைத்துக்கொண்டார்.

கடைக்காரர் பையிலிருந்த செருப்பை வளைத்துப் பார்த்தார். "முரட்டுச் சரக்கு சார் இது. உழைக்கும், ஆனா கடிக்கும். மெத்துன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"நான் சொல்றேனே! இதே ரகம்தான் என்னோடதும். இப்பக்கூட வழியெல்லாம் பஞ்சு மேலதான் நடந்து வந்தேன்."

"அப்படியா? எங்க, கழட்டிக் காட்டுங்க."

வாத்தியார் வெற்றிப் புன்னகையோடு வலது காலை முன்னால் நீட்டினார். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, பக்கத்தில் இருந்த ஸ்டூலை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க சார். கழட்டறதுக்கு என்ன இருக்கு? நீங்க வெறுங்காலோடதானே வந்திருக்கீங்க!"