மெர்வின் விழுந்த நாடு

கனடாவின் ஒன்டாரியோ நீதிபதி தீர்ப்பைப் படித்து முடித்தபோது, ஜெயித்தோமா தோற்றோமா என்று மெர்வினுக்குப் புரியவில்லை. ஊன்றுகோலோடு எழுந்து, தன் வக்கீல் ப்ரிட்சர்ட் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் இல்லங்க. நீங்க விழுந்தது அமெரிக்காவுல. வழக்கை அங்க போய்ப் போடச் சொல்றாரு."

மெர்வின் வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். ஒரு கோடையில், மனைவி நோரீனின் பிறந்தநாளன்று, இருவரும் படகை எடுத்துக்கொண்டு, இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே இருந்த அமெரிக்கத் தீவு விடுதிக்கு மீன் சாப்பிடப் போனார்கள். இறங்குகிற இடத்தில் படித்துறைப் பலகை உடைந்து, அவருடைய முழங்கால் நொறுங்கியது. அதற்குப் பிறகு அவரால் ஏணியில் ஒரு படிகூட ஏற முடியவில்லை. நோரீன் பேக்கரியில் இரண்டு ஷிப்டு பார்த்தாள். விடுதி நஷ்டஈடு தர வேண்டும் என்று ஒன்டாரியோவில் போட்டதுதான் அந்த வழக்கு.

நியூயார்க்கில் புது வக்கீல் வைத்து வழக்குப் போட்டார்கள். அமெரிக்காவில்தான் விசாரிக்க வேண்டும் என்று ஒன்டாரியோவில் சாதித்த விடுதித் தரப்பு, இங்கே வந்து அப்படியே மாற்றிப் பேசியது. அடிபட்டவர் கனடாக்காரர், வைத்தியம் பார்த்தவர்கள் கனடாக்காரர்கள், எக்ஸ்ரேகூட அங்கேதான் எடுத்தது, ஆகவே கனடாவில்தான் நடக்க வேண்டுமாம்.

"போன தடவை நாம சொன்னதைத்தானே இவரு சொல்றாரு?" என்று மெர்வின் கிசுகிசுத்தார்.

"ஆமா," என்றாள் நோரீன். "அவங்க சொன்னதை இப்ப நம்ம ஆளு சொல்லிட்டிருக்காரு. பேசாம உக்காரு."

மெர்வினால் பேசாமல் உட்கார முடியவில்லை. குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டலாம் என்று, தானே ஒரு சர்வேயரைத் தீவுக்குக் கூட்டிப் போனார். அவர் நாள் முழுக்க அளந்துவிட்டு, தீவு அமெரிக்காவுடையது, படித்துறையின் கடைசி நான்கு பலகைகள் மட்டும் கனடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார்.

அதோடு எல்லாம் இன்னும் சிக்கலானது. உடைந்தது கடைசியிலிருந்து எத்தனையாவது பலகை? மெர்வினுக்கு நினைவில்லை. விடுதியில் படகுகளைப் பிடித்துக் கட்டும் டூவிதான் அன்று பக்கத்தில் நின்றவன். இரு தரப்பு வக்கீல்களும் மாறி மாறி வந்து அவனைப் பலகை எண்ண வைத்தார்கள். ஒரு தடவை நாலு என்றான், மறு தடவை அஞ்சு என்றான்.

மூன்றாவது வருஷம் நியூயார்க் நீதிபதி அலுத்துப்போனார். பலகை எந்த நாட்டுடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், வழக்கை நானே விசாரிக்கிறேன் என்றார். நோரீன் வராந்தாவிலேயே அழுதுவிட்டாள். மெர்வின் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் நன்றி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் சேர்த்தே சொன்னார்.

விசாரணையில் முதல் சாட்சி டூவி. வக்கீல் பலகைக் கணக்கை ஆரம்பித்ததும் நீதிபதி கையமர்த்தினார். அந்தப் பேச்சு முடிந்துவிட்டது, அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லட்டும் என்றார்.

டூவி தலையைச் சொறிந்தான்.

"மூணு வருஷமா எங்க முதலாளி உள்பட எல்லாரும் அவரு எங்க விழுந்தாருன்னுதாங்க கேட்டாங்க, எப்படி விழுந்தாருன்னு இப்பதான் ஒருத்தர் கேக்குறீங்க: அவரு படகுக்குள்ளயே, அவரு போட்ட கயிறு தடுக்கிப் படித்துறை மேல வந்து விழுந்தாருங்க, அந்த வேகத்துலதான் எங்க பலகை உடைஞ்சுது."