வீரசிங்கம் கங்காணியின் காலிப் போத்தல்கள்

நான் யாருக்கும் பயந்தவனில்லை, என் மனைவி பாக்கியலெட்சுமியைத் தவிர. வெறும் மனைவியாக இருந்தவரை எப்படியோ சமாளித்தேன். 2003-ல் எங்கள் தேயிலைத் தோட்டத்து மீள்சுழற்சிச் சங்கத்துக்குத் தலைவியானாள். வந்தது வினை.

போத்தல், தகரம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பெண்கள் வீடு வீடாகச் சேர்த்து, பதுளையிலிருந்து வரும் லொறியில் ஏற்ற வேண்டும். என் காலிச் சாராயப் போத்தல்களோ, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் குவிந்து கிடந்தன. வீரசிங்கம் கங்காணி செத்ததிலிருந்து யாரும் குடிவராத அறை அது. குடியை விட்டுவிட்டதாக முனியாண்டி கோயிலில் நான் சத்தியம் செய்திருந்தேன். மீறினால் பூனாகலைக்குத் தாய்வீட்டுக்கே போய்விடுவதாகப் பாக்கியம் சொல்லியிருந்தாள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது.

"அந்தக் கடைசிக் காம்பராவயும் பாத்துட்டு வர்றேன்" என்று சாக்கை எடுத்தாள்.

"போகாத! கங்காணி பேய் இருக்கு. நானே பாத்தேன்."

"என்னாங்க செய்யுது?"

"குடிக்குது. சுத்திவர காலிப் போத்தல்."

பக்கத்து வீட்டுக் குணமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அதுக்குப் புடிச்சத வச்சிப் படையல் போடணும்க்கா. இல்லாட்டி போகாது."

மறுநாள் பாக்கியமும் குணமணியும் வாழையிலையில் சுருட்டு, அவித்த முட்டை, முழுப் போத்தல் சாராயம் எல்லாம் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். முழுப் போத்தல்! பேய்க்கு! எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி லயத்தையே மூடியது. மெதுவாகப் போய்க் கதவைத் தள்ளினேன். இலையிலிருந்த சுருட்டு பாதி எரிந்து புகைந்துகொண்டிருந்தது. முட்டையைக் காணோம். சுவருக்கு அப்பால் 'ஊ...' என்று ஒரு சத்தம். நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. நின்றால் நின்றது. கால் ஓடச் சொன்னது. கை போத்தலைத் திறந்துவிட்டது. பயத்துக்கு வேறென்ன மருந்து? ஒரே மடக்கு.

ஆறிப்போன பிளேன்டீ! பார்க்கத்தான் சாராய நிறம்.

வாசலில், பனிக்குள், தலையில் மழைக்குப் போடும் சாக்குக் கொங்காணி போட்ட இரண்டு உருவங்கள் நின்றன. ஒன்று காலிப் போத்தலை வாயில் வைத்து 'ஊ...' என்று ஊதியது. மற்றது முட்டையை மென்றுகொண்டிருந்தது. அது குணமணி.

ஊதிய உருவம் போத்தலை இறக்கியது. "பேய் குடிச்சி முடிச்சிட்டா, காலிப் போத்தல இந்தச் சாக்குல போடச் சொல்லுங்க" என்றாள் பாக்கியம்.

அவள் பூனாகலைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். அந்தச் சுருட்டைப் பற்றவைத்தது மட்டும் தாங்கள் இல்லை என்று இருவரும் இன்றுவரை சத்தியம் செய்கிறார்கள். அதை நினைத்து உடம்பு சிலிர்க்க, ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்பேன். உள்ளேயிருந்து குரல் கேட்கும்:

"பேய் வந்திருச்சி, காலிப் போத்தல எடுத்துட்டு வாங்க!"