பதினாறு கோடுகள்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. உன் அக்காவும் நானும் சௌக்கியம்; என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விரல் ரேகையைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா என்று உன் மகள் கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்டிருந்தாள். போலீஸ் ரேகைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் லென்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவன் சொல்கிறேன். பொதுவாகப் பெண்களின் ரேகை மெல்லியது, நெருக்கமானது. ஒரே அளவுக் கட்டத்துக்குள் எண்ணினால் அவர்களுக்குத்தான் கோடுகள் அதிகம் வரும். ஆண்களுக்குச் சுழி கொஞ்சம் கூடுதல், பெண்களுக்கு வில்போல் வளைந்த ரேகை கொஞ்சம் கூடுதல். இதெல்லாம் கூட்டமாகச் சேர்த்துப் பார்த்தால்தான். தனி ஒருத்தரின் விரலை வைத்து அடித்துச் சொன்னால் என் கதிதான். அது என்ன கதி என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், உன் அக்காவிடம் மூச்சுவிடாதே.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். எங்கள் பெரிய அதிகாரிக்குப் பித்தளைப் பிடி போட்ட ஒரு லென்ஸ் உயிர். ஒருநாள் காலை அது இழுப்பறைக்குள் விரிசல் விட்டுக் கிடந்தது. யார் உடைத்தது என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். முந்திக்கொண்டு போய்ப் பொடி தூவி, கண்ணாடியிலிருந்து ஒரு கட்டைவிரல் ரேகையை எடுத்து, கட்டம் வைத்து எண்ணினேன். பதினாறு கோடு, ஆணுக்கு வழக்கமாக வருவதைவிட அதிகம். பெண் என்று அறிவித்தேன். அறிவித்த பிறகுதான் உறைத்தது, ஒன்பது பேர் இருந்த அந்த அலுவலகத்தில் பெண் ஒருத்திதான். டைப்பிஸ்ட். உன் அக்கா. வந்து நான்கு மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் உன் படிப்பே ஓடிக்கொண்டிருந்தது.

டைப் அடிக்கும் சத்தம் நின்றது. எழுந்து வந்தாள். இரண்டு கையையும் என் மேஜைமேல் நீட்டினாள்.

"எடுத்துப் பாருங்க" என்றாள்.

ஆயிரம் திருடர்களின் கையைப் பிடித்து உருட்டியவனுக்கு அன்றைக்கு வேர்த்துக்கொட்டியது. விரல் நுனியெல்லாம் கார்பன் பேப்பர் நீலம். அதன்மேல் கறுப்பு மையை உருட்டினேன். வலது கட்டைவிரலில் ஒரு சுழி, சுழியை வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு. லென்ஸில் இருந்ததும் அதுவேதான்.

அதிகாரி என்ன ஆச்சு என்றார்.

"பொருந்தலைங்க. நான்தான் தப்பா எண்ணிட்டேன்" என்றேன்.

அப்புறம் என்ன, ஓய்வு பெறும்வரை என் பெயர் 'பதினாறு'தான். பதவி உயர்வும் ஒரு வருடம் தள்ளிப்போனது. ஆனால் மறுவாரம் மழையில் படிக்கட்டோரம் நின்றவள், குடையில் எனக்கும் இடம் கொடுத்தாள். மற்றது உனக்கே தெரியும், கல்யாணத்தில் செருப்பைத் தொலைத்தவன் நீ. இன்றைக்கும் காய்கறி எண்ணும்போது அவள் என்னை எண்ணத் தெரியாத மனுஷன் என்பாள், நான் விழுங்கிக்கொள்வேன். இப்போது எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. அந்த மையின் வாசனையும் மரத்தடுப்புக்குப் பின்னால் கேட்கும் டைப் சத்தமும்தான் சில மத்தியானங்களில் என்னைத் தூங்கவிடுவதில்லை.

உன் மகளுக்கு என் ஆசிகள். கட்டுரையில் 'பெரும்பாலும்' என்ற வார்த்தையைத் தாராளமாகப் போடச் சொல்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் பசை எடுக்கப் போய்வருவதற்குள் உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். லென்ஸைத் தட்டிவிட்டது அதிகாரியின் முழங்கையாம். அவர் கவனிக்காமல் போய்விட, எடுத்து இழுப்பறைக்குள் வைத்தது மட்டும்தான் இவளாம். "பொருந்தும்னு தெரிஞ்சுதான் கையை நீட்டினேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கணும்னு தோணிச்சு" என்கிறாள். பிறகு ஏன் முப்பத்தெட்டு வருடமாக எண்ணத் தெரியாதவன் என்று சொன்னாய் என்று கேட்டேன். என்றைக்காவது ஒருநாள் நானே உண்மையைச் சொல்வேன் என்று காத்திருந்தாளாம்.