எவாரிஸ்தோவின் பாதித் தலையும் ஷார்ட்ஸ்டாப் பெரும்போரும்

வாழ்க எவாரிஸ்தோ பெகேரோ! கரும்புச்சாறு மணக்கும் சான் பேத்ரோ மாநகரின் மணிவிளக்கே, சர்க்கரை ஆலையின் மூன்றாம் கொதிகலனுக்கு முப்பது ஆண்டு காவல் நின்ற அனற்குன்றே, யஹைரா என்னும் ஒற்றை மகளைப் பெற்ற பெருந்தவத்தோனே, நின் புகழ் பாடத் துணிந்தோம். பேஸ்பால் மைதானத்துச் செம்புழுதித் தெய்வங்காள், பால் அட்டைப் பெட்டியை மடக்கிக் கையுறையாக்கிப் பந்து பிடித்த இளமைக்காலங்களின் காவல் தேவதைகாள், எம் நாவில் வந்தமர்வீர்! பொருள் பெரிது, புலமையோ சிறிது. மகளின் கல்யாண நாளன்று ஒரு மனிதர் முடிவெட்டிக்கொள்ளப் போன கதை இது.

அவர் சென்றடைந்த கோட்டை சிரிலோ ஃபிப்ஸின் சலூன். கிருதா செதுக்கும் சிற்பி, கழுத்தோர ரோமங்களின் காலன், எதிர்வாதம் கண்டால் ஏழடி உயரும் ஐந்தடிச் சிங்கம், அந்தச் சிரிலோ. யஹைராவுக்கு ஞானத்தகப்பனும் அவரே. பிள்ளையின் அப்பனும் ஞானத்தகப்பனும் அந்த ஊரில் ஒருவரையொருவர் கம்பாத்ரே என்று அழைப்பார்கள். கூடப் பிறந்தவனுக்கு ஒரு படி மேலான உறவு அது. "இவ கல்யாணத்தன்னைக்கு ஒன் தலைய நான்தான் வெட்டுவேன், கம்பாத்ரே" என்று ஞானஸ்நானத் தொட்டியருகே சிரிலோ அன்றே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்குக்காக எவாரிஸ்தோ இரண்டு மாதம் சீப்புக்கு அடங்காமல் முடி வளர்த்திருந்தார்.

படைக்கலச் சாலையின் நிலையையும் சொல்லிவிட வேண்டும். இரட்டை வாளெனத் திகழ்ந்த கத்தரிக்கோல், திருகாணி கழன்று, போன செவ்வாய்க்கிழமை முதல் மேசை டிராயரில் இரண்டு துண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சியிருந்தது மின்சார மெஷின் ஒன்றே. இன்வெர்ட்டரின் பேட்டரி வயிறு வீங்கி மாண்டு மாதம் ஒன்றாகிறது. வெட்டிய முடி பறந்து வாயில் விழும் என்று மின்விசிறியை சிரிலோ போடுவதே இல்லை. கண்ணாடியின் இருபுறமும் இரண்டு காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று அந்த வாரத்துக் கரண்ட் நிறுத்த அட்டவணை. அன்றைய நாளான சனிக்கிழமைக்கு நேரே பகல் இரண்டு மணி முதல் என்று அதில் இருந்தது. மற்றது சிரிலோ தம் கைப்பட எழுதிய சட்டம்: "வாதம் நடக்கும்போது மெஷின் ஓடாது. வாதம் முடியாமல் மெஷின் எடுக்கப்படாது." மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சூடான விவாதத்தின் நடுவே ஒரு பத்திரப் பதிவு அதிகாரியின் இடப் புருவம் முழுதாகப் போனதிலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

பன்னிரண்டே முக்காலுக்கு எவாரிஸ்தோ நாற்காலி ஏறினார். நீலத் துணி கவசமாய்க் கழுத்தில் இறுகியது. மெஷின் முழங்கிற்று. வலப்புறக் கானகம் வீழ்ந்தது. காதோரம் மாலை வெயிலைப்போல மெல்ல மங்கி மறையும் அழகிய வெட்டு அங்கே பிறந்தது. ஒன்றே காலுக்கு வலப்பக்கம் முடிந்து, மெஷின் உச்சந்தலையைத் தாண்டி இடப்பக்க எல்லையில் காலெடுத்து வைத்த வேளையில், முறைக்காகக் காத்திருந்தவரும், பெரியவர் என்ற மரியாதைக்கு ஊரார் ‘தொன்’ சேர்த்து அழைப்பவருமான தொன் அபெலார்தோ, ஆலையின் எடைமேடையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், நாளிதழை மடித்துவிட்டு வாய் திறந்தார்.

"ஏம்ப்பா, எல்லாக் காலத்துக்கும் சேத்து, பெரிய ஷார்ட்ஸ்டாப்பு யாரு?"

அந்தோ! இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று, தரையோடு சீறி வரும் பந்தை அள்ளி முதல் தளத்துக்கு எறியும் அந்த இடைக்காவலனை மற்ற ஊர்களில் ஓர் ஆட்டக்காரன் என்பார்கள். சான் பேத்ரோவில் அது குலத்தொழில். இந்தக் கேள்வியை அங்கே கேட்பது, பந்தி நடுவில் உட்கார்ந்துகொண்டு யார் வீட்டுச் சமையல் உசத்தி என்று கேட்பதற்குச் சமம். மெஷின் நின்றது.

"இதுல கேக்க என்ன இருக்கு? ஓஸி ஸ்மித்து" என்றார் சிரிலோ.

"வாயக் கழுவு. நம்ம டோனி ஃபெர்னாண்டஸ்" என்றார் எவாரிஸ்தோ.

"ரெண்டு பேரும் சின்னப் பசங்க. ஹோனஸ் வாக்னர்" என்றார் தொன் அபெலார்தோ.

"நூறு வருசத்துக்கு முந்தின ஆளு! நீங்க பாத்தீங்களா?" என்று பாய்ந்தார் சிரிலோ.

"நான் பாக்கல. எங்கப்பனும் பாக்கல. எட்டு தடவ பேட்டிங்ல மொத ஆளா வந்தாரு. எடக்கல்லு பொய் சொல்லுமா?"

இவ்வாறு மும்முனைப் போர் மூண்டது. சிரிலோ என்னும் வேழம் முதலில் பிளிறியது. சிறந்த தடுப்பாளனுக்கு ஆண்டுதோறும் சூட்டப்படும் தங்கக் கையுறை என்னும் மகுடத்தை ஓஸி பதின்மூன்று முறை பெற்றார். ஆட்டத்துக்கு வரும்போதே ஆகாயத்தில் கரணமடித்தார். அவர் பிடித்த பந்துகளைப் பார்த்துப் பந்துகளே வெட்கின. "பதிமூணு, கம்பாத்ரே, பதிமூணு! ஒன் ஆளு நாலோட நின்னுட்டாரு!"

"கையுறைய எண்ணாத, கையப் பாரு! பத்தொம்பது வருசம் ஆடி இருவத்தெட்டு ஹோம் ரன்னு. பேட்ட என்ன, முதுகு சொறியவா வச்சிருந்தாரு ஒன் வித்தைக்காரரு?"

சொல்லம்புகள் தீர்ந்தபோது எவாரிஸ்தோ செயலில் இறங்கினார். டோனியின் எறிதல் எப்படிப்பட்டது என்பதை உலகுக்குக் காட்ட, நீலக் கவசம் சிறகென விரிய, நாற்காலியில் இருந்தபடியே இடுப்பை ஒடித்துத் தாழ்ந்து, நுரை வழியும் சவரப் பிரஷ்ஷைப் பந்தாகப் பாவித்துப் பக்கவாட்டில் விசிறினார். அது சலூனின் நீளத்தை மின்னலெனக் கடந்தது. தொன் அபெலார்தோ நாளிதழைக்கூடக் கீழே வைக்காமல் இடக்கையால் அதைப் பிடித்தார். எழுபத்தாறு வயதானாலும் அவரும் அந்த ஊர்க்காரர்தானே.

எவாரிஸ்தோ ஏன் இப்படி மல்லுக்கட்டினார் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. பதினேழு வயதில் அவரும் அதே இடத்தில்தான் நின்றார். டோனி புரண்டு வளர்ந்த ஊரின் புழுதியில், டோனியைப் போலவே தோளைத் தாழ்த்தி எறியப் பழகி, ஆயிரம் மாலைப்பொழுதுகளைச் செலவிட்டார். ஆள் எடுக்க வந்தவர்கள் பார்த்த அன்று, வயிற்றுக்கு நேராக வந்த சுலபமான பந்து அவர் கால்களுக்கு இடையே போய்விட்டது. மறுவாரம் ஆலையில் சேர்ந்தார். டோனியே மிகப் பெரியவர் என்றால், தான் கெட்டாலும் கெட்டது ஒரு நல்ல வழியில்தான் என்று அவருக்கு ஓர் ஆறுதல். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒன்றே முக்கால் மணிக்கு வாசல் இருண்டது. தலை முழுக்கச் சுருள் உருளைகள் கிரீடமாய்ச் சூடி, காலில் ரப்பர்ச் செருப்பும் கண்ணில் கனலுமாய் நின்றாள் நூரிஸ், எவாரிஸ்தோவின் மனையரசி.

"யோவ், மூணு மணிக்கு உன் மகள கோயிலுக்குள்ள கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவணும். நீ இங்க பாதி ஆளா ஒக்காந்திருக்க?"

"இல்ல நூரிஸ், ஒரு சின்ன விசயம்..."

"தொப்பிய மாட்டிக்கிட்டு வரலாம்னு நெனைக்காத. மொட்டையடிச்சிட்டு வந்தா வாசல்லயே நிறுத்திடுவேன். புள்ள போட்டோவுல அழகா விழணும்னு ஒரு வருசமா சொல்லிக்கிட்டிருக்கா. முழுத் தலையோட வா. சிரிலோ, ஞானத்தகப்பன்னு பேரு வச்சிருக்கீங்களே, ஒங்களுக்காவது அறிவு வேணாம்?"

புயல் வந்த வழியே போயிற்று. எவாரிஸ்தோ கண்ணாடியைப் பார்த்தார். அதில் இருவர் தெரிந்தனர். வலப்பக்கம் ஒரு கனவான், மகளோடு கைகோத்து அவளை நடத்திச் செல்லத் தக்கவன். இடப்பக்கம் கரும்புக்காட்டிலிருந்து தப்பி வந்த ஏதோ ஒன்று. இவ்விருவரின் நடுவே வெள்ளை உடையில் யஹைரா நிற்பதாக நினைத்துப் பார்த்தார்.

மெஷின் எடுக்கப்பட வேண்டுமானால் வாதம் முடிய வேண்டும். வாதம் முடிய ஒருவர் தோற்க வேண்டும். அந்த அனற்குன்று, ஆயிரம் மாலைப்பொழுதுகளையும் ஒரே மிடறாக விழுங்கிவிட்டு, தலை குனிந்து சொல்லிற்று.

"சரி கம்பாத்ரே. ஓஸிதான். ஓஸி ஸ்மித்துதான் பெரியவரு. வெட்டு."

முப்பது வருட நட்பில் இந்தச் சொல்லை சிரிலோ ஒரு முறைகூடக் கேட்டதில்லை. வெற்றி கையில் விழுந்ததும், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். தன் கம்பாத்ரேயின் குனிந்த பிடரியைப் பார்த்தார். மெஷினை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. சிங்கத்தின் கண் கலங்கிற்று.

"பொய் சொல்ற" என்றார்.

"இல்ல, மெய்யாத்தான்."

"பொய்யி! இப்ப அந்தப் பிரஷ்ஷ எறிஞ்சியே, அத நான் பாத்தேன்ல? அப்படி ஒரு எறிய ஓஸி கனாவுலகூட எறிஞ்சிருக்க மாட்டாரு. அது டோனியோட கை. டோனிதான் கம்பாத்ரே பெரியவரு. எனக்கு எப்பவோ தெரியும். ஒன்னச் சீண்டத்தான் இத்தன வருசமும்..."

"சும்மா இரு. பதிமூணு கையுறன்னா சும்மாவா?"

"கையுற என்னடா கையுற! நம்ம மண்ணுடா!"

இப்போது போர் தலைகீழாய்த் திரும்பிற்று. ஓஸியின் புகழை எவாரிஸ்தோ பாட, டோனியின் புகழை சிரிலோ பாட, ஒருவர் தெய்வத்தை மற்றவர் தோளில் தூக்கிவைத்து ஆட, விட்டுக்கொடுப்பதில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாயில்லை. முன்பைவிடச் சத்தம் அதிகமாக இருந்தது. கடைசியில் தொன் அபெலார்தோவே எழுந்து நின்று, நுரைப் பிரஷ்ஷைச் செங்கோலாய் உயர்த்தி, "வாக்னர நான் வாபஸ் வாங்கிக்கிறேன். டோனி! எல்லாரும் டோனி!" என்று தீர்ப்பளித்தார்.

எவாரிஸ்தோவுக்கு அழுகை வந்துவிட்டது. கால்களுக்கு இடையே போன அந்தப் பழைய பந்து, நாற்பது வருடம் உருண்டு, இன்றுதான் கையில் வந்து சேர்ந்ததைப்போல இருந்தது. தான் ஆடாத ஆட்டத்தில்கூடத் தான் ஜெயித்துவிட்டதாக அவர் உணர்ந்தார்.

வாதம் முடிந்தது, சட்டம் நிறைவேறியது, ஆகவே, ஒருவரையொருவர் கட்டித் தழுவிய கரங்கள் விலகி, சிந்த வேண்டிய மூக்குகள் சிந்தப்பட்டு, நீலக் கவசம் மீண்டும் கழுத்தில் முடியப்பட்டு, எண்ணெயிட்ட எஃகுப் பற்கள் பளபளக்க, ஞானத்தகப்பனாகிய சிரிலோ ஃபிப்ஸ், ஞானஸ்நானத் தொட்டியருகே தந்த தம் பழைய வாக்கை நெஞ்சில் ஏந்தி, இனி ஒரு முடியும் தப்பாது என்று முழங்கி, இடப்புறக் கானகத்தின் மேல் மெஷினை உயர்த்திக் கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளினார்.

கரண்ட் போயிருந்தது.