ஒத்துக்காத வீடு

வீடு வாங்குகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. வாங்க வந்திருக்கிறாரா, வீட்டின் மேல் வழக்குப் போட வந்திருக்கிறாரா என்று விற்கிறவருக்குக் கடைசிவரை விளங்காது. இவருக்குக் குறைக்கண்ணர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெயர் பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றுதான் அவர் சொல்வார்.

குறைக்கண்ணர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உச்சுக்கொட்டத் தொடங்கிவிடுவார். உள்ளே நுழைந்து, சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "ம்ஹும்" என்பார். சுவர் என்ன சொல்லிற்று என்பது அவருக்கும் சுவருக்கும் மட்டுமே தெரியும். அடுத்து குழாய். தண்ணீர் வேகமாக வந்தால் வாஷர் சீக்கிரம் போய்விடும் என்றும், மெதுவாக வந்தால் உள்ளே அடைத்திருக்கிறது என்றும், நடுத்தரமாக வந்தால் "இன்னிக்கு வருது, நாளைக்கு?" என்றும் கேட்டு, ஜன்னல் பெரிதென்றால் தூசி, சிறிதென்றால் புழுக்கம் என்று அடுக்கிக்கொண்டே போவார். ஜன்னல் சரியாக இருந்துவிட்டால்? எதிர்வீட்டுக்காரர் மூஞ்சி சரியில்லை.

எல்லாம் விலையைக் குறைக்கத்தான். 'பிடிச்சிருக்கு' என்ற ஒரு சொல் வாய்தவறி விழுந்தால் போதும், விலை ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் சித்தாந்தம். மனைவிக்கும் பயிற்சி கொடுத்திருந்தார்.

"உள்ள போனதும் மூஞ்சிய உர்ருனு வெச்சுக்கணும். சிரிச்ச, போச்சு."

ஆறு வருடத்தில் நாற்பத்தொரு வீடுகள். நாற்பத்தொன்றிலும் அம்மாள் உர்ரென்றுதான் இருந்தார். நாற்பத்தொன்றும் வேறு யாருக்கோ போயின.

அம்மாள் தையல்காரர். சாப்பாட்டு மேசைதான் அவருடைய கடை. துணியை விரித்துச் சுண்ணக்கோடு போட்டு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் வீட்டில் யாருக்காவது பசித்துவிடும். மடித்து எடுத்துவைத்து, பரிமாறி, மேசையைத் துடைத்து, மறுபடி விரித்தால் கோடு இடம் மாறியிருக்கும். அவருக்கு வேண்டியதெல்லாம் ஓர் அறை. விரித்த துணி விரித்தபடியே கிடக்கிற ஓர் அறை.

நாற்பத்திரண்டாவது வீட்டின் மாடியில் அது இருந்தது. நீளமாக, வெளிச்சமாக. அம்மாள் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்து பார்த்துச் சிரித்தே விட்டார். கூட வந்திருந்த தரகர் பார்த்துவிட்டார். குறைக்கண்ணர் விட்டதைப் பிடிக்கக் கீழே ஓடினார்.

கீழே வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். முப்பத்தைந்து வருடமாக, மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே அதனால் வரக்கூடிய தலைச்சுற்றல், வாய்க்கசப்பு, அரிப்பு அத்தனையும் ஒப்பித்துவிட்டுத்தான் கொடுப்பார். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால், காலில் விழுந்தாலும் கொடுக்க மாட்டார். இது நம் ஆளுக்கு எப்படித் தெரியும்?

"படி ரொம்ப செங்குத்தா இருக்குங்க. எனக்கு முட்டி வலி."

"எத்தனை நாளா?" மருந்துக்கடைக்காரர் ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"சுவர்ல ஈரம் இருக்கு. ஈரம்னா எனக்குத் தும்மல் நிக்காது."

குறித்துக்கொண்டார்.

"பக்கத்துல பட்டறை வேற. இந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கம் வருமா?"

அதையும் குறித்துக்கொண்டார். குறைக்கண்ணருக்குத் தலைகால் புரியவில்லை. குறை சொன்னால் எழுதிக்கொள்ளும் வீட்டுக்காரரை அவர் கண்டதே இல்லை! வாய் தானாக ஓடியது. இந்த வீட்டுக் குறைகள் பத்தோடு தீர்ந்துபோக, முந்தைய வீடுகளில் மிச்சம் வைத்திருந்ததிலிருந்து ஆறு எடுத்துவிட்டார். பதினேழாவதாக, "மொத்தத்துல வீடு மனசுல ஒட்டலைங்க" என்று முடித்து, நாற்காலி நுனிக்கு வந்தார். இனி விலை இறங்க வேண்டியதுதான்.

மருந்துக்கடைக்காரர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, உங்களுக்கு இந்த வீடு ஒத்துக்காது."

"அப்படின்னா?"

"முட்டி வலி, தும்மல், தூக்கமின்மை, எல்லாம் இருக்கு உங்களுக்கு. தெரிஞ்சே குடுத்தா என் மனசு என்னைச் சும்மா விடுமா?"

"விலைய கொஞ்சம் குறைச்சீங்கன்னா..."

"பாதி மாத்திரையா குடுத்தாலும் ஒத்துக்காதது ஒத்துக்காதுதான். உடம்பப் பாத்துக்கோங்க."

தரகர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாடாவைச் சுருட்டிக்கொண்டே இறங்கிவந்த அம்மாள் பாதிப் படியில் நின்றார். முகம் உர்ரென்று ஆகவில்லை. அழுதுவிடும்போல ஆயிற்று. குறைக்கண்ணருக்கு முதன்முறையாகத் தன் திறமையை நினைத்து வெட்கமாக இருந்தது.

பிறகு நடந்ததுதான் பேரம்! குறைக்கண்ணர் படியில் மூன்று தடவை ஓடி ஏறி, ஓடி இறங்கி, மூச்சிரைக்க, "பாத்தீங்களா, முட்டி வலி போயே போச்சு!" என்றார். ஈரச் சுவரில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்து, கிளம்பிய தும்மலை விழுங்கி, கண்ணில் நீர் வழிய, "என்ன வாசனை!" என்றார். பட்டறைச் சத்தம் தாலாட்டுப்போல இருக்கிறது என்று கண்ணை மூடிக் காட்டினார். தரகரும் சேர்ந்துகொண்டு குறட்டை விட்டார். மருந்துக்கடைக்காரர் தாளில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

"பதினாறு அடிச்சாச்சு. மனசுல ஒட்டலைன்னீங்களே, அது?"

"பரவாயில்லைங்க."

"பரவாயில்லைன்னா இன்னும் குணமாகலைன்னு அர்த்தம்."

"மோசமில்ல."

"அதுக்கும் அதே அர்த்தம்தான்."

குறைக்கண்ணருக்கு வியர்த்தது. மருந்துக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். மடக்கென்று குடித்துவிட்டு, "பி... பிடிச்சிருக்கு" என்றார்.

"காதுல விழல."

"பிடிச்சிருக்குங்க! ரொம்பப் பிடிச்சிருக்கு! அந்த மாடி ரூம் ரொம்ப ரொம்பப் பிடிச்சிருக்கு!"

ருசி கண்டுவிட்டது. கதவு பிடித்திருக்கிறது, குழாய் பிடித்திருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் மூஞ்சி பிடித்திருக்கிறது என்று வீடு முழுக்கக் கூவிக்கொண்டு திரிந்த மனிதரைத் தரகர்தான் பிடித்து உட்காரவைத்தார். விலை? சொன்ன விலையில் ஒரு காசு குறையவில்லை. கேட்கத் தோன்றினால்தானே!

மறுவாரம் பத்திரம் பதிவாயிற்று. கையெழுத்துப் போடும்போது, பேனா சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அம்மாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மாள் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, ஒரு சந்தேகம். இருபத்திரண்டு வருஷமா நான் எது பண்ணாலும் பரவாயில்லன்னுதானே சொல்றீங்க?"

"ஆமா, அதுக்கென்ன?"

"இல்ல, பிடிச்சிருக்குன்னு சொன்னா என் விலையும் ஏறிடும்னா?"

குறைக்கண்ணர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நான் அந்த ரகமே இல்லை என்று சத்தியம்கூடச் செய்வீர்கள். ஆனால் உங்களைக் கேட்டு என்ன பயன்? அடுத்த அறையில் இருப்பவரைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்.